கை வச்சவன் ஏறணும்

— கை குலுக்குறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்ணே. நீங்க ஏறினா நான் கிளப்புறேன். ஏறலைன்னா இந்த ஹெலிகாப்டர் இங்கேயே நிக்கட்டும்.

— கை குலுக்க நீட்டலை, கேப்டன். நான் துடைக்கிற துணி மேல நிக்கிறீங்க. கொஞ்சம் காலை நகர்த்தினா எடுத்துக்குவேன்.

— எடுத்துக்குங்க. பேச்சை மட்டும் மாத்தாதீங்க. பழுது பார்த்த மெக்கானிக், அந்த மெஷின் முதல் தடவை பறக்கிறப்ப கூடவே பறக்கணும். கை வச்சவன் ஏறணும். உங்க தொழில்ல முதல் பாடமே அதுதானே?

— முதல் பாடம்தான். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து நான் மீறினதில்லை. வீட்டுக்காரிகூட கிண்டல் பண்ணுவா, மிக்சியை ரிப்பேர் பண்ணினாலும் இந்த மனுஷன் உள்ள இறங்கி உக்காந்துதான் சுத்தவிடுவாருன்னு.

— அப்ப இன்னைக்கு என்ன வந்துச்சு?

— இன்னைக்கு என் இடத்துல வேற ஆள் உக்காரணும். ஸ்ட்ரெச்சர்ல கிடக்கானே, அவன் பெஞ்சாதி.

— தப்பா நினைக்காதீங்க, எனக்கு மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேசத் தெரியாது. உங்க பக்கத்துலேர்ந்து பார்த்தா நான் யாரு? எதிராளி. இந்த மலை பூரா பறந்துக்கிட்டிருந்தது உங்க மிஷன் ஆஸ்பத்திரி மெஷின். எங்க கம்பெனி வந்து, அது தகர டப்பா, எந்த நேரம் விழுமோன்னு ஊரெல்லாம் சொல்லி, சர்க்கார் வேலை அத்தனையும் பிடுங்கிக்கிச்சு. இல்லைன்னு சொல்லுங்க.

— வெறும் தகர டப்பா இல்லை. 'பறக்கும் தகர டப்பா'. பேப்பர்லயே வந்துச்சே. ஆஸ்பத்திரியில யாரோ அதை வெட்டி என் ஷெட்டுக் கதவுல ஒட்டிட்டாங்க. ரொம்ப நாள் இருந்துச்சு, மழையில கரைஞ்சு போச்சு.

— சிரிக்காதீங்கண்ணே, நான் சீரியஸா பேசுறேன். அப்படிப்பட்ட கம்பெனிக்காரன் நான். நேத்து சாயங்காலம் சர்வே ஆளுங்களை மேல இறக்கி விட்டுட்டு, உங்க மைதானத்துல ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம்னு இறங்குறேன். நல்லாத்தான் பறந்து வந்தேன். நீங்க குடையும் கையுமா வர்றீங்க, மெஷின் வயித்துக்குக் கீழ குனியுறீங்க, ஃப்யூல் பம்ப் கசியுது, இதை இனிமே கிளப்பாதீங்கன்றீங்க.

— கசிஞ்சுதே.

— அதுல எப்பவும் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு விழும்.

— நேத்தும் அதைத்தான் சொன்னீங்க. நான் அடியில ஒரு டம்ளர் வச்சேன். நீங்க டீயை ஆத்திக் குடிச்சு முடிக்கலை, டம்ளர் வழிஞ்சிருச்சு. அதைப் பார்த்துட்டு, நான் குடிச்சது எந்த டம்ளர்லன்னு கேட்டீங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

— சரி, கசிஞ்சுது. ஒத்துக்கிறேன். அப்படியே போயிருந்தா வழியில எஞ்சின் பட்டினி கிடந்து நின்னிருக்கும், அதையும் ஒத்துக்கிறேன். கம்பெனிக்கு ரேடியோவுல சொன்னேன். அனுப்ப வேற மெஷின் இல்லை, ரோடு சரியானதும் புது பம்ப்போட ஆள் அனுப்புறோம்னாங்க. ரோடே பாறை விழுந்து கிடக்கு. அது என்னைக்குச் சரியாகி, ஆளு என்னைக்கு வந்து, நான் என்னைக்குப் போய்ச் சேர. சரி, தாடி வளர்த்துக்கிட்டு உங்க ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக் கிடக்க வேண்டியதுதான்னு இருந்தேன். காலையில பார்த்தா இந்த ஆளைக் கயித்துக் கட்டிலோட தூக்கிட்டு வர்றாங்க.

— அதே ரோட்டுல பாறை ஒதுக்குற வேலைக்குப் போனவன். மேலேர்ந்து இன்னொண்ணு வந்து இடுப்புல இறங்கிருச்சு. உள்ளுக்குள்ள ரத்தம் போகுது, இங்க வச்சு ஒண்ணும் செய்ய முடியாது, இன்னைக்கே கீழ பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தா பிழைப்பான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

— உங்க மெஷின் பறக்காது.

— வால் பக்கத்து விசிறி விரிசல் விட்டிருந்துச்சு, கழட்டி வச்சிருக்கேன். புதுசு வரணும். அதுவும் அந்த ரோட்டுலதான் வந்தாகணும்.

— என் மெஷின்ல பம்ப் சரியில்லை. ரெண்டு மெஷினும் உக்காந்திருக்கு, ஆளு போயிருவான்னுதான் நான் நினைச்சேன். நீங்க எந்திரிச்சுப் போனீங்க. உங்க மெஷினைப் பிரிச்சு, நல்லா இருந்த பம்ப்பைக் கழட்டி, என் மெஷின்ல கொண்டுவந்து மாட்டிட்டீங்க. ரெண்டும் ஒரே மாடல், அதனால மாட்டிக்கிச்சு. ஆனா ஏன்ணே மாட்டினீங்க?

— இது என்ன கேள்வி. ஆளு சாகக் கிடக்கான்.

— உங்க மெஷினுக்கு இனிமே பம்ப்?

— இனிமேதான் தேடணும்.

— கடைத்தெருவுல கிடைக்கிற சாமானா அது? எங்க ஸ்டோர்லயே மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். விசிறி வந்தாலும் இனிமே உங்க மெஷின் மூலையிலதான் கிடக்கும். எங்க முதலாளியை எனக்குத் தெரியும். தன் மெஷின்ல ஏறின சாமானைக் கழட்டித் திருப்பிக் கொடுக்கிற ஆள் இல்லை.

— கொடுத்தா சந்தோஷம். கொடுக்கலைன்னா அவர் மெஷின் நல்லா ஓடட்டும்.

— இதைத்தான் சொல்றேன். இப்படி ஒருத்தர் பேசினா எனக்குச் சந்தேகம் வருது. நீங்க என்னைக் கண்டபடி திட்டிட்டு அந்த பம்ப்பைக் கொடுத்திருந்தீங்கன்னா நான் நிம்மதியா ஏறியிருப்பேன்.

— இப்ப வேணும்னா திட்டட்டுமா?

— கேட்டா, நாங்க சர்ச்சு ஆளுங்க, அப்படித்தான்னு சொல்லுவீங்க.

— நான் சொல்லவே இல்லையே. நேத்து ஞாயித்துக்கிழமை. பாஸ்டர் பேசினதுக்கெல்லாம் முன் பெஞ்சுல உக்காந்து தலையை ஆட்டிக்கிட்டிருந்தேன். திங்கக்கிழமை விடிஞ்சா வாசல்ல கட்டில் நிக்குது. நேத்து ஆட்டின தலையை வச்சுக்கிட்டு இன்னைக்கு எந்தப் பக்கம் திரும்பிப் போறது, நீங்களே சொல்லுங்க.

— டாக்டரம்மா ஒண்ணும் கேட்கலையா? மெஷின் ஆஸ்பத்திரியோடது.

— கேட்டாங்க. இருந்த ஒண்ணையும் குடலை உருவின கோழி மாதிரி ஆக்கிட்டீங்களேன்னாங்க. அப்புறம் அவங்களே வந்து டார்ச் அடிச்சாங்க.

— கடைசி நட்டை முடுக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டு நின்னீங்களே, நான் பார்த்தேன். பம்ப்புக்கு ஜெபமா?

— ஜெபம் அந்த ஆளுக்கு. நட்டுக்கு அளவு பார்த்து முடுக்குற ஸ்பானர் இருக்கு, அதுக்குப் போய் ஆண்டவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?

— எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்க. ஆனா ஏற மட்டும் மாட்டேன்றீங்க. சொல்லட்டுமா, நான் ஏன் இப்படி அடம் பிடிக்கிறேன்னு?

— சொல்லுங்க. நான் இந்த எஞ்சின் மூடியைப் போட்டுக்கிட்டே கேட்கிறேன். காது சும்மாத்தான் இருக்கு.

— எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான், அவனும் பைலட். படிக்கிற காலத்துல ஒரே ரூம், ஒரே சோப்பு, ஒரே தட்டுல சாப்பாடு. அவனுக்கு ஒரு மெஷினைச் சரி பண்ணிக் கொடுத்த மெக்கானிக், எனக்குத் தலை வலிக்குது, நீங்க போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டுக் கீழ நின்னுக்கிட்டான். சும்மா நிக்கலை, கை வேற அசைச்சான். மெஷின் மரத்து உசரம்கூடப் போகலை. ஒரு குழாயை மாட்டிட்டு முடுக்க மறந்திருக்கான், அவ்வளவுதான். கூட ஏறியிருந்தா மறந்திருப்பானா? தன் உசிரும் உள்ள இருக்குன்னா கை தானா இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கும். அவன் அம்மாகிட்ட போய்ச் சொன்னது நான்தான். அடுப்பாங்கரையில நின்னுக்கிட்டிருந்தாங்க. அடுப்பை அணைச்சுட்டு, சொல்லுப்பான்னாங்க. அந்தக் குரல் இன்னும் என் காதுலயே இருக்கு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், கை வச்சவன் பக்கத்துல உக்காரலைன்னா நான் கன்ட்ரோலைத் தொட மாட்டேன்.

— நீங்க கேட்கிறதுல ஒரு வார்த்தை தப்பில்லை, கேப்டன். என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன் யாராவது ஏற மாட்டேன்னு சொல்லியிருந்தா, நானே அவன் சட்டையைப் பிடிச்சு உள்ள தள்ளியிருப்பேன்.

— அப்ப ஏறுங்க.

— காலையில எல்லாரையும் ஆஸ்பத்திரித் தராசுல ஏத்தி இறக்கினது யாரு?

— நான்தான்.

— கணக்குப் போட்டு என்ன சொன்னீங்க?

— இந்த உசரத்துல, என்னையும் ஸ்ட்ரெச்சரையும் விட்டா இன்னும் ரெண்டு பேருதான் ஏறலாம். அதுக்கு மேல ஒரு மூட்டைத் துணிகூடக் கூடாது.

— ஒருத்தர் நர்ஸ்.

— நர்ஸம்மாவை விட்டுட்டுப் போனா?

— வழியில அவனுக்கு மூச்சு முட்டினா, நீங்க கன்ட்ரோலை விட்டுட்டுப் பின்னால திரும்பி ட்யூபைச் சரி பண்ணுவீங்களா?

— சரி, நர்ஸம்மா வரட்டும். இன்னொரு இடம் உங்களுக்கு. அவன் பெஞ்சாதி அடுத்த தடவை வரட்டும்.

— அடுத்த தடவை எதுல வருவா? ரோடு இல்லை. என் மெஷினோட பம்ப் உங்க மெஷின்ல இருக்கு. உங்க முதலாளி இன்னொரு தடவை அனுப்புவாரா அவளுக்காக? அவ கீழ பேசுற பேச்சு தெரியாதவ. கட்டில் கூடவே ராத்திரி பூரா நடந்து வந்திருக்கா, செருப்பு அறுந்துபோய் வெறுங்காலோட. அவன் பிழைச்சாலும் சரி, போனாலும் சரி, அது அவளுக்கு என்னைக்குத் தெரிய வரும்னு நினைக்கிறீங்க? இங்க வராந்தாவுல உக்காந்து, ஒவ்வொரு தடவை மேகம் உறுமுறப்பவும் அண்ணாந்து பார்த்துக்கிட்டிருப்பா. எனக்கு அதைப் பார்க்கிற தெம்பு இல்லை.

— அவ உங்களுக்கு யாரு?

— யாருமில்லை.

— எரிபொருளைக் கொஞ்சம் இறக்கிட்டா நீங்களும் ஏறலாமே.

— போற வழியில கணவாயை மூடுபனி மூடியிருந்தா நீங்க திரும்பி வரணும். இறக்குற எரிபொருள்தான் அந்தத் திரும்புற எரிபொருள்.

— அப்ப இப்படிப் பண்ணுவோம். நீங்களும் நானும் மட்டும் ஏறி இந்த மைதானத்தை ஒரு சுத்து சுத்திட்டு இறங்குவோம். அப்புறம் நீங்க இறங்கிக்குங்க, அவங்களை ஏத்திக்கிறேன். கை வச்சவன் ஏறின மாதிரியும் ஆச்சு.

— அந்த மலையைப் பாருங்க. காலையிலேர்ந்து கொட்டின மழை இப்பதான் விட்டிருக்கு. கீழேர்ந்து மூடுபனி ஏறிக்கிட்டே இருக்கு, கணவாய்ல பாதி போயிருச்சு. கிளப்பி, சுத்தி, இறங்கி, ஸ்ட்ரெச்சரை ஏத்திக் கட்டி முடிக்கிறதுக்குள்ள அந்த வாசல் மூடிரும். உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்.

— தெரியும். தெரிஞ்சுதான் வயித்தெரிச்சல்.

— வாங்க, இப்படிக் குனிஞ்சு பாருங்க. மூடியை இன்னும் பூட்டலை. இதுதான் பம்ப். நாலு நட்டு. ஒவ்வொரு நட்டுலேர்ந்தும் உடம்பு வரைக்கும் மஞ்சப் பெயின்ட்ல ஒரு கோடு இழுத்திருக்கேன் பாருங்க. நட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துரும். எஞ்சினை ஓட விட்டு நிறுத்தினோமே, அப்புறம் ஏதாவது கோடு உடைஞ்சிருக்கா?

— இல்லை.

— குழாய் முனையெல்லாம் விரலால தடவிப் பாருங்க. ஈரம் இருக்கா?

— காய்ஞ்சு இருக்கு. அண்ணே, ஒண்ணு கேட்கட்டுமா? எத்தனையோ மெக்கானிக்கைப் பார்த்திருக்கேன். உங்களை மாதிரி சுத்தமா வேலை பார்க்கிற ஆளை நான் பார்க்கலை, அதை முகத்துக்கு நேரா சொல்றேன். தார்ப்பாய்க்குக் கீழ மழையில நனைஞ்சுக்கிட்டு, உங்க மழைக்கோட்டைக் கழட்டி என் எஞ்சினுக்குப் போத்தி விட்டீங்க. ஆனா இந்த நட்டை நீங்க திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தீங்க. முடிச்சுட்டு எந்திரிச்சுப் போனீங்க, பாதி தூரம் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தீங்க. எதுக்கு?

— பழக்கம்.

— பழக்கம் இல்லை. பழக்கம்னா கை பாட்டுக்குச் செய்யும். உங்க மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு.

— சரி, இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலாத்தான் பார்த்தேன்.

— ஏன்?

— அடுத்தவங்க மெஷின். விருந்தாளிக்குப் போடுற சாப்பாட்டுல முடி இருந்தா கேவலம் இல்லையா?

— பிடி கொடுக்க மாட்டீங்களே. இந்தக் காட்டுல எப்படிண்ணே காலம் தள்ளுறீங்க? கீழ எங்கயாவது பெரிய ஏர்போர்ட்ல இருந்தா உங்க கைக்கு ராஜ மரியாதை கிடைக்கும்.

— அங்க எல்லாமே அலமாரியில இருக்கும். கை நீட்டினா சாமான். எனக்கு தூக்கம் வந்துரும். இங்க ஒரு வாரம் மெஷினை மூடாம விட்டா காத்துக் குழாய்ல குளவி கூடு கட்டிரும். வயரை எலி கடிக்கும். வர்ற எரிபொருள் ட்ரம்முல தண்ணி கலந்திருக்கான்னு பாட்டில்ல பிடிச்சு வெயில்ல காட்டிப் பார்க்கணும். ஒரு தடவை அந்தா தெரியுதே, அந்த மலைக்குப் பின்னால, எங்க மெஷின் எஞ்சின் செத்துப் போய் உக்காந்துருச்சு. புது எஞ்சினை மாத்தணும், கிரேனுக்கு எங்க போறது? மூணு மரத்தை வெட்டி முக்காலி மாதிரி கட்டி, கப்பி தொங்க விட்டேன். ஊரே வந்து கயித்தைப் பிடிச்சுது. மழை வந்துருச்சு, எஞ்சின் அந்தரத்துல தொங்குது, ஒருத்தன் கயித்தை விடலை. நான் போல்ட்டு மாட்டி முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்னாங்க.

— அப்ப இவன் அந்த ஊர்க்காரன். அந்த நன்றிக்கடன்.

— இல்லையே. இவன் எந்த ஊருன்னே எனக்குத் தெரியாது. ஸ்ட்ரெச்சர்ல ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்துதான் பேரே தெரியும்.

— ஒரு காரணமும் கிடைக்க விட மாட்டேன்றீங்களே.

— காரணம் இருந்தாத்தான் கொடுக்கணும்னா, நம்ம கைக்கு வந்து சேர்றது எதுவுமே வந்திருக்காது, கேப்டன். எனக்கு யாரு காரணம் பார்த்துக் கொடுத்தா? விடுங்க. மூடியைப் பூட்டட்டுமா?

— பூட்டுங்க. ஆனா நான் சொன்னது சொன்னதுதான். நீங்க... ஐயோ, வந்துட்டாங்க. உங்க ஆஸ்பத்திரி நர்ஸம்மா. காலையிலேர்ந்து என்னைத் திட்டுறதையே டூட்டியா வச்சிருக்காங்க. சிகரெட்டைப் பிடுங்கி எறிஞ்சாங்க, ஷூவோட வார்டுக்குள்ள வந்தேன்னு கையில துடைப்பத்தைக் கொடுத்தாங்க. அவங்களுக்கு வாய்க்கிற புருஷன் பாவம்.

— இன்னும் யாரும் மாட்டலை.

— கேப்டன், கையைக் கட்டிக்கிட்டு இங்க என்ன மாநாடு நடக்குது?

— அது வந்து, நர்ஸம்மா, ஒரு சின்னப் பேச்சு.

— உள்ள அவருக்கு நாடி விழுந்துக்கிட்டே இருக்கு. இருந்த ரத்தத்தையும் ஏத்தியாச்சு, இனிமே என்கிட்ட இருக்கிறது உப்புத் தண்ணிதான். சின்னப் பேச்சு பேச அவருக்கு நேரமில்லை. ஸ்ட்ரெச்சரை ஏத்தச் சொல்லட்டுமா, வேண்டாமா?

— உங்க மெக்கானிக் கூட வரட்டும், இந்த நிமிஷமே கிளப்புறேன். அவர்தான் முரண்டு பிடிக்கிறாரு.

— அவர்கிட்ட பேசி ஜெயிக்கலாம்னு நினைக்காதீங்க. நான் பார்த்தாச்சு, முடியாது. அவர் பூட்டின மெஷினை நம்பலைன்னா இந்த மலையில நம்புறதுக்கு வேற எதுவும் இல்லை. நான் ஸ்ட்ரெச்சரை ஏத்துறேன். நீங்க அதுக்குள்ள மனசைத் தேத்திக்கிட்டு வாங்க. வரலைன்னா நானே சாவியைத் திருகிருவேன்.

— ஹெலிகாப்டருக்கு சாவி இல்லை, நர்ஸம்மா.

— அப்ப எதைத் திருகணுமோ அதைத் திருகுறேன்.

— பாருங்கண்ணே. பார்த்தீங்களா, எப்படிப் பேசிட்டுப் போறாங்கன்னு?

— அவ அப்படித்தான். சின்னதுலேர்ந்தே வாய் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க.

— ஏத்துறாங்க. நெஜமாவே ஏத்துறாங்க. மூணு பேரு தூக்குறாங்க, இவங்க பாட்டிலை உசரப் பிடிச்சுக்கிட்டு எல்லாரையும் அதட்டுறாங்க. அந்தப் பெஞ்சாதிக்கு யாரோட மழைக்கோட்டு அது? உங்களோடதா?

— நனைஞ்சுதான் இருக்கும். இருந்தாலும் காத்தைத் தடுக்கும். மேல போனா குளிரும்.

— செருப்பு?

— என் வீட்டுக்காரியோடது. அளவு கொஞ்சம் பெருசு.

— அண்ணே, இங்க பாருங்க. உங்க மேல எனக்கு இருந்த சந்தேகம் போயிருச்சு. பம்ப்பைக் கொடுத்தீங்க, சீட்டைக் கொடுத்தீங்க, கோட்டு, செருப்பு, இன்னும் கொஞ்ச நேரம் நின்னா சட்டையையும் கழட்டிக் கொடுப்பீங்க போல. இந்த மாதிரி ஒரு மனுஷன் கெடுதல் நினைக்க மாட்டான். என் ஆயுசுல நான் பார்த்ததிலேயே பெரிய மனுஷன் நீங்கதான். மனசாரச் சொல்றேன். ஆனா சந்தேகம் போனதுக்கப்புறமும் பயம் போகலைண்ணே. என் சிநேகிதனோட அம்மா அடுப்பை அணைச்சது இன்னும் கண்ணுலயே நிக்குது. நல்ல மனுஷனும் ஒரு நட்டை மறப்பான் இல்லையா?

— மறப்பான். நானும் மறந்திருக்கேன். அதனாலதான் திரும்பி வந்து பார்க்கிறது.

— கணவாய் இன்னும் தெரியுதா?

— தெரியுது. அந்த ஓரத்துல ஒரு கீத்து வெளிச்சம். இப்பக் கிளம்பினா போயிரலாம்.

— நான் போகலைன்னா என்னைக் கோழைன்னு நினைப்பீங்களா?

— நினைக்க மாட்டேன். பயம் இல்லாத பைலட் மெஷின்ல நான் ஏறினதே இல்லை.

— அப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஜெபம் பண்ணுற வாய், பொய் சொல்லாதுன்னு நம்பிக் கேட்கிறேன். நீங்க ஏற வேண்டாம், விடுங்க. இந்த பம்ப்பை நம்பி, இந்த மெஷின்ல, இந்த மூடுபனியில, உங்க வீட்டு ஆள் ஒருத்தரை ஏத்துவீங்களா?

— சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன், கேப்டன். அவ தன் வேலைக்குப் போறா, என் பம்ப்புக்கு ஜாமீனா போகலை. கேட்டுட்டீங்க, அதனால சொல்றேன். ஏத்தியாச்சு. அங்க ஸ்ட்ரெச்சர் பக்கத்துல பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு, இன்னும் என்ன பேச்சுன்னு உங்களை முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காளே, அவ என் மக.